கையில தழும்பு இருக்கு, ஆனாலும் டிபி வருதே: பி.சி.ஜி எங்கே நிக்குது, அடுத்த ஊசி எப்ப?

#1 கெடிலக்கரை
கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் டிபி முகாம் எங்க நடந்தாலும் சுத்திச் சுத்தி மூணு கேள்விதான் வருது. தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க. "எங்க பெரியப்பாவுக்கு வந்தப்ப" கதைங்க இந்த இழையில வேணாம்.

பிறந்தப்ப பி.சி.ஜி (டிபி தடுப்பூசி) போட்ட இடத்துல தழும்பே காணோம்னா மறுபடி போடணுமா? தழும்பு நல்லாவே இருக்கிற ஆளுக்கு நாப்பது வயசுல நுரையீரல் டிபி ஏன் வருது? "புது ஊசி வந்தாச்சு"ன்னு வாட்ஸப்ல சுத்துதே, அது எது?

#2 ஊசிநர்ஸ்
முதல் கேள்விக்கு ஒரே வார்த்தை: போட வேணாம். தழும்பு இல்லைங்கிறதால பாதுகாப்பு இல்லைன்னு அர்த்தமில்லை. அட்டையில தேதி இருந்தா போட்டாச்சு, அவ்வளவுதான்.

ஆனா தழும்பு ஏன் வரலைங்கிறதுக்குப் பாதி காரணம் நம்ம கையில இருக்கு. இந்த ஊசி தோலுக்குள்ளயே போகணும். தோலுக்கு அடியில இல்லை. இடது மேல்கை, 26 கேஜ் ஊசி, ஊசியோட வாய் மேல பார்த்து, தோலோட கிட்டத்தட்ட படுத்த மாதிரி. ஒரு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு 0.05 மில்லி, அதுக்கு மேல ஒரு வயசு வரைக்கும் 0.1 மில்லி. மருந்து இறங்கும்போது கைக்கு எதிர்ப்பு தெரியணும். தோல் வெளுத்து, கமலா ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா எழும்பணும். வழவழன்னு சுலபமா இறங்கிச்சுன்னா ஆழமா போயிடுச்சுன்னு அர்த்தம். அப்பதான் பின்னால சீழ்க்கட்டி வர்றது, அக்குள்ல நெறி கட்டுறது எல்லாம் கூடும். ஆழமா போயிடுச்சேன்னு பக்கத்துல இன்னொண்ணு குத்துறது அதைவிடப் பெரிய தப்பு.

ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது. இது உயிருள்ள கிருமி, ஸ்பிரிட் பட்டா செத்துடும். அழுக்கா இருந்தா தண்ணியில துடைச்சுக் காய விட்டாப் போதும். கலக்குறதுக்கு கூட வர்ற சலைன் மட்டும்தான். தட்டம்மை ஊசிக்கு வர்ற டிஸ்டில்ட் வாட்டரை அவசரத்துல இதுல ஊத்தினா, ஊசியும் வீண், குழந்தைக்கு எரிச்சலும் மிச்சம். சலைனும் ஐ.எல்.ஆர்ல (தடுப்பூசி வைக்கிற குளிர்பெட்டி) 2 முதல் 8 டிகிரியில குளிர்ந்திருக்கணும், மேசையில கிடந்த சூடான ஆம்பூல் கூடாது. கலக்கினதுல இருந்து நாலு மணி நேரம். மிச்சம் இருந்தாலும் கொட்டிடணும். பென்டாவலன்ட் மாதிரி திறந்த குப்பியை அடுத்த முகாமுக்கு எடுத்து வைக்கிற கதை இதுக்குக் கிடையாது. வெளிச்சமும் ஆகாது, அதனாலதான் பழுப்புக் குப்பி.

போட்ட அன்னைக்கு எழும்புன மேடு சீக்கிரம் அமுங்கிடும். ரெண்டு மூணு வாரத்துல சின்னக் கொப்பளம், அஞ்சாவது வாரம் போல நல்லாத் தெரியும், உடையும், ஆறுல இருந்து பன்னெண்டு வாரத்துல தழும்பாகும். களிம்பு, மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் தடவாதீங்கன்னு ஒவ்வொரு அம்மாகிட்டயும் சொல்லணும். மாறா, போட்ட ரெண்டு மூணு நாள்லயே பெருசா வீங்கிப் புண்ணானா அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே டிபி கிருமி தொத்தியிருக்கலாம். வீட்ல யாருக்கு இருமல்னு அப்பவே விசாரிக்கணும்.

#3 பாகூர் பையன்
இவ்வளவு பக்குவமா போடுறீங்க சரி. ஆனா நம்ம செங்கல்பட்டுலயே சோதனை பண்ணி "பி.சி.ஜி பூஜ்யம்"னு முடிவாச்சே? அப்புறம் எதுக்கு ஊருக்கே குத்துறோம்?

#4 நுண்ணோக்கி
தம்பி, அந்த ஆய்வு எதைக் கேட்டது, எதைக் கேட்கவில்லை என்று பார்க்காமல் "பூஜ்யம்" என்று சொல்வதுதான் அரை நூற்றாண்டாக நடக்கும் குழப்பம்.

1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் (இன்றைய திருவள்ளூர் பகுதி) தொடங்கியது. சுமார் 2,80,000 பேர். ஒரு பிரிவுக்கு 0.1 மில்லிகிராம், இன்னொன்றுக்கு 0.01 மில்லிகிராம், மூன்றாவதற்கு வெறும் ஊசி. பிரெஞ்சு, டேனிஷ் என்று இரண்டு ரகங்கள். 15 ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், சளியில் கிருமி காட்டும் பெரியவர்களின் நுரையீரல் டிபியை இரண்டு ரகமும் எந்த அளவிலும் தடுக்கவில்லை. இது உறுதியான முடிவு. முடிவு கசப்பாக இருந்தும் மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பதற்காகவே அந்த ஆய்வை மதிக்கலாம்.

ஆனால் அது பச்சைக் குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் டிபியையோ, உடல் முழுக்கப் பரவும் மிலியரி டிபியையோ அளக்க வடிவமைத்த ஆய்வே அல்ல. அந்த இரண்டையும் பற்றிய பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி 70 விழுக்காட்டுக்கு மேல் தடுக்கிறது. மூளைக்காய்ச்சல் டிபியில் பிழைத்த குழந்தை எந்த நிலையில் பிழைக்கிறது என்று பார்த்தவர் யாரும் இந்த ஊசியை நிறுத்தச் சொல்ல மாட்டார்.

1950இல் பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் தொடங்கிய சோதனையில் இதே பி.சி.ஜி கிட்டத்தட்ட 80 விழுக்காடு தடுத்தது. அங்கே 80, இங்கே ஒன்றுமில்லை. உண்மையில் இதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

#5 பாகூர் பையன்
சரி சார், நானே கேக்குறேன். ஏன்?

#6 நுண்ணோக்கி
ஒரே காரணம் என்று யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். அதிகம் ஏற்கப்பட்டது மண், தண்ணீர் விளக்கம். டிபி கிருமிக்கு நோய் உண்டாக்காத ஒன்றுவிட்ட உறவுகள் நிறைய. ஈர மண்ணிலும் குட்டையிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழ்பவை. வெப்ப நாடுகளில் வெறும் காலோடு வளரும் பிள்ளை பத்து வயதுக்குள் இவற்றை நன்றாகச் சந்தித்துவிடுகிறது. அதனால் இரண்டு நடக்கலாம். ஒன்று, அந்தச் சந்திப்பே கொஞ்சம் பாதுகாப்பைத் தந்துவிடுவதால், பி.சி.ஜி கூடுதலாகச் செய்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்னொன்று, பி.சி.ஜி உயிருள்ள ஊசி. உடலில் சில வாரம் பெருகினால்தான் பாடம் நடக்கும். ஏற்கெனவே அந்தக் குடும்பத்தைத் தெரிந்துவைத்திருக்கும் உடல் அதைப் பெருக விடாமல் துடைத்துவிடுகிறது. பிறந்த குழந்தைக்கு இந்த முன்பழக்கம் இல்லை. பிறந்தவுடன் போடுவது பலன் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

#7 முந்திரிக்காடு
ரகம் மாறினா பலன் மாறுமா? கிண்டி ஊசி, புனே ஊசின்னு சொல்றாங்களே.

#8 நுண்ணோக்கி
கிண்டி பி.சி.ஜி ஆய்வகத்தின் வித்து டேனிஷ் 1331. புனே சீரம் நிறுவனத்தினுடையது மாஸ்கோ ரகம். எல்லாவற்றுக்கும் பாட்டி ஒன்றுதான். கால்மெட்டும் கெரானும் பிரான்ஸின் லீல் நகரில் 1908இலிருந்து 13 ஆண்டுகள், மாட்டு டிபி கிருமியை பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்குத் துண்டில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். சுமார் 230 தடவை. அதில் வீரியம் போன கிருமியை 1921இல் முதல் குழந்தைக்கு வாய்வழி கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு நாடும் வாங்கிப்போய்த் தன் ஆய்வகத்தில் தனியாக வளர்த்ததால் ஒவ்வொன்றிலும் சில மரபணுக்கள் கூடுதலாக உதிர்ந்தன. உறைமோர் ஒரே வீட்டிலிருந்து போனாலும் தெருவுக்குத் தெரு தயிர் புளிப்பு மாறுவது போல. ரக வித்தியாசம் உண்மை. ஆனால் பிரிட்டனுக்கும் செங்கல்பட்டுக்கும் இருந்த இடைவெளியை அது மட்டும் விளக்காது.

அந்த 13 ஆண்டுகளில் உதிர்ந்ததில் முக்கியமானது ஆர்.டி.1 என்ற பகுதி. அதில்தான் ஈசாட்-6, சி.எஃப்.பி-10 என்ற இரண்டு புரதங்களுக்கான குறிப்பு இருந்தது. புது ஊசிகளைப் பேசும்போதும் பரிசோதனைகளைப் பேசும்போதும் இந்த இரண்டு பெயரும் திரும்ப வரும்.

#9 கெடிலக்கரை
அதுக்கு முன்னாடி உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு எளிமையா ஒருதரம் எழுதிடுங்க சார். அதைத் தாண்டாம ரெண்டாவது கேள்விக்குப் பதில் வராது.

#10 நுண்ணோக்கி
இருமலில் வரும் பெரிய துளிகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். காய்ந்து 5 மைக்ரானுக்குக் கீழே சுருங்கியவைதான் காற்றில் மிதந்து நுரையீரலின் கடைசிக் காற்றறைக்குப் போகும். அங்கே காவலுக்கு இருப்பது மேக்ரோபேஜ், விழுங்கு செல். அது கிருமியை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கும். வழக்கமாக அந்தப் பையோடு அமிலப் பை வந்து இணைய, உள்ளே இருப்பது செரித்துப்போகும். டிபி கிருமி இந்த இணைப்பையே தடுத்துவிடுகிறது. அதற்கும் மேலே, ஈசாட்-6 துணையோடு பையின் சுவரைக் கிழிக்கிறது. காவலரின் வீட்டிலேயே குடித்தனம்.

கிருமி இரண்டாகப் பிரிய சுமார் 20 மணி நேரம். மிக மெதுவானதுதான், ஆனால் நம் படை அதைவிட மெதுவு. நுரையீரலில் கிருமி வந்த சேதி நிணநீர்க் கட்டிக்குப் போய், அங்கே டி-செல்கள் (எதிர்ப்புப் படையின் வெள்ளணுக்கள்) விழித்து, பெருகி, நுரையீரலுக்குத் திரும்ப எலியிலேயே இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. மனிதரில் தோல் சோதனை பாசிட்டிவாக 2 முதல் 8 வாரம். கணக்குப் போடுங்கள்: தடையில்லாமல் பெருகினால் 14 நாளில் ஒரு கிருமி ஒரு லட்சத்தைத் தாண்டும். ஊசியின் வேலை இந்தத் தாமதத்தைக் குறைப்பது.

டி-செல் வந்ததும் இன்டர்ஃபெரான்-காமா சுரந்து மேக்ரோபேஜை உசுப்புகிறது. டி.என்.எஃப் என்ற சுரப்பு, கிருமியைச் சுற்றி செல்களைக் கோட்டையாகக் கட்டி நிறுத்துகிறது, இதுவே கிரானுலோமா. பெரும்பாலானவர்களுக்குக் கதை இங்கேயே முடியும். தொற்றியவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்குத்தான் வாழ்நாளில் நோய் வருகிறது. அதிலும் பாதிக்கு மேல் முதல் இரண்டு ஆண்டுக்குள்.

இப்போது இரண்டாவது கேள்வி. பிறந்தவுடன் போட்ட ஊசியின் நினைவு 10–15 ஆண்டில் தேய்கிறது. தேயாமல் இருந்தாலும் அந்த டி-செல்கள் பெரும்பாலும் இரத்தத்தில் சுற்றுகின்றன, நுரையீரல் திசுவில் குடியிருப்பதில்லை. காவல் நிலையம் மஞ்சக்குப்பத்தில், திருட்டு முதுநகரில்.

#11 ஓ.டி. மருந்துக்கடை
கோட்டை எதனால இடியுதுன்னு கவுன்டர் பக்கத்துல இருந்து சேர்க்கிறேன். எச்.ஐ.வி தெரிஞ்சதே, டி-செல்லே குறையுது. சர்க்கரை நோய் இருந்தா ஆபத்து சுமார் மூணு மடங்கு. மூட்டுவாதத்துக்குப் போடுற இன்ஃபிளிக்ஸிமாப் மாதிரி ஊசிங்க டி.என்.எஃப்ஐயே அடைக்குது, அதாவது மேல சார் சொன்ன கோட்டைச் சுவரையே. அதை ஆரம்பிக்கிற முன்னாடி டிபி தொற்று இருக்கான்னு பார்த்தே ஆகணும். சீட்டில்லாம மாசக்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை வாங்கித் தின்னுறவங்களும் இதே பட்டியல்தான். குடி, பீடி சொல்லவே வேணாம்.

#12 பாகூர் பையன்
அப்ப தொற்று இருக்கான்னு பார்க்க மாண்டூ தோல் சோதனை போதுமா? பி.சி.ஜி போட்டவனுக்கு அது எப்பவும் பாசிட்டிவ்தானே?

#13 கோரிமேடு லேப்
"எப்பவும்" கிடையாது. பிறந்தப்ப போட்ட ஊசியோட தாக்கம் மாண்டூல பத்து வயசுக்குள்ள பெரும்பாலும் தேஞ்சிடும். உண்மையில தப்பு நடக்கிறது போடுறதுலயும் படிக்கிறதுலயும்தான்.

முன்கையோட உள்பக்கம், 0.1 மில்லி, தோலுக்குள்ள. 6 முதல் 10 மி.மீ மேடு வரணும், வரலைன்னா கொஞ்சம் தள்ளி மறுபடி போடணும் (பி.சி.ஜிக்கு நேரெதிர், கவனிக்க). மருந்தை சிரிஞ்சுல முன்கூட்டி ஏத்தி வரிசையா வைக்கக் கூடாது. புரதம் சிரிஞ்ச் சுவர்ல ஒட்டிக்கிட்டு வீரியம் குறையும். 48 முதல் 72 மணிக்குள்ள படிக்கணும். சிவப்பை அளக்கக் கூடாது, தடிப்பை மட்டும். கண்ணுக்குத் தடிப்போட எல்லை தெரியலைன்னா பால்பாயின்ட் பேனாவை வெளியில இருந்து உள்ள மெதுவா இழுத்துட்டு வாங்க. தடிப்பு ஓரத்துல பேனா தட்டி நிக்கும். அங்க ஒரு கோடு. எதிர்ப்பக்கமும் அப்படியே. கைக்குக் குறுக்கா ரெண்டு கோட்டுக்கும் நடுவுல எத்தனை மி.மீன்னு எழுதணும். "பாசிட்டிவ்"னு மட்டும் எழுதின ரிப்போர்ட் காகிதத்துக்குக் கேடு. 10 மி.மீ வழக்கமான எல்லை, எச்.ஐ.வி இருந்தா 5. உடம்பு ரொம்ப மெலிஞ்சவங்க, மிலியரி டிபி இருக்கிறவங்ககிட்ட பொய்யா நெகட்டிவ் காட்டும். தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டிருந்தா அதே நாள்ல போடணும், இல்லைன்னா நாலு வாரம் கழிச்சு.

சை-டிபின்னு ஒரு தோல் ஊசி இருக்கு. போடுற முறை மாண்டூ மாதிரியேதான், ஆனா உள்ள இருக்கிறது ஈசாட்-6ம் சி.எஃப்.பி-10ம் மட்டும். பி.சி.ஜில அது ரெண்டும் கிடையாதுங்கிறதால தடுப்பூசி குழப்பம் இல்லை. எல்லை 5 மி.மீ.

இரத்தத்துல பார்க்கிற ஐ.ஜி.ஆர்.ஏவும் அதே புரதங்கள்தான். நாலு டியூப், ஒவ்வொண்ணுலயும் 1 மில்லி. மருந்து டியூப் சுவர்ல பூசியிருக்கு. பத்து தடவை குலுக்கி உள்சுவர் முழுக்க இரத்தம் படணும். ஆனா வெறியா ஆட்டினா ஜெல் உடைஞ்சு கணக்கு கெடும். 16 மணிக்குள்ள 37 டிகிரி இன்குபேட்டர்ல போயிடணும். நடுவுல 17–27 டிகிரி. பண்ருட்டியில எடுத்த டியூப் கத்திரி வெயில்ல பஸ்ஸு மேல வந்தா செல் செத்துடும். அதுக்குப் பயந்து ஐஸ்ல போட்டாலும் கெடும். செல்லு வேலை செய்யுதான்னு சரிபார்க்கிற மைட்டோஜன் டியூப்ல எண் வராத ரிப்போர்ட்டை "நெகட்டிவ்"னு படிச்சிடாதீங்க. அதுக்குப் பேர் "தீர்மானிக்க முடியலை". செல்லு வேலையே செய்யலைன்னு அர்த்தம்.

இன்னொண்ணு. இந்த மூணுமே தொற்றைத்தான் சொல்லும். நோய் இருக்கான்னு சொல்லாது. அதுக்கு எக்ஸ்ரேயும், சளியில கிருமியோட மரபணுவைத் தேடுற நாட் சோதனையும்.

#14 முந்திரிக்காடு
மூணாவது கேள்விக்கு வாங்க சாமி. எம்72ங்கிற புது ஊசி 50 சதவீதம் தடுக்குதாமே?

#15 நுண்ணோக்கி
எண்ணை விரித்துப் பார்ப்போம். கென்யா, தென்னாப்பிரிக்கா, ஜாம்பியாவில் 18–50 வயதினர், எச்.ஐ.வி இல்லாதவர், ஐ.ஜி.ஆர்.ஏ பாசிட்டிவ். ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, மூன்று ஆண்டு கண்காணிப்பு. ஊசி போட்ட 1,626 பேரில் 13 பேருக்கு நுரையீரல் டிபி. போலி ஊசி போட்ட 1,663 பேரில் 26 பேருக்கு. அதுதான் 49.7 விழுக்காடு. மொத்தமே 39 நோயாளிகள். அதனால் உண்மை மதிப்பு 2இலிருந்து 74 வரை எங்கும் இருக்கலாம் என்று அதே கட்டுரை சொல்கிறது. இதை வைத்து "வந்தாச்சு" என்பது, மார்கழியில் முந்திரி பூத்ததைப் பார்த்து மூட்டைக்கு விலை பேசுவது. அதைச் சரிபார்க்கத்தான் 2024இல் சுமார் 20,000 பேரை இலக்கு வைத்து மூன்றாம் கட்டம் தொடங்கியது: ஆப்பிரிக்க நாடுகள், வியட்நாம், இந்தோனேசியா. இந்தியா அதில் இல்லை.

உள்ளே இருப்பது 10 மைக்ரோகிராம் புரதம். கிருமியின் இரண்டு புரதங்களை ஒட்டுப்போட்டது. புரதத்தை மட்டும் போட்டால் உடல் திரும்பிக்கூடப் பார்க்காது. கூடச் சேர்க்கும் ஏ.எஸ்.01 என்ற தூண்டிதான் மணி அடிக்கிறது. அதில் ஒரு பாகம் கியூ.எஸ்-21, சிலி நாட்டு சோப்பு மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கும் சபோனின். நம் பூந்திக்கொட்டையில் நுரைப்பதும் சபோனின் குடும்பம்தான். உடனே பூந்திக்கொட்டைக் கஷாயம் என்று யாரும் கிளம்பாதீர்கள்; சுத்தம் செய்யாத சபோனின் இரத்த அணுக்களை உடைக்கும். அதனால்தான் ஊசியில் அதைக் கொழுப்புக் குமிழிக்குள் கொலஸ்டிராலோடு கட்டி வைக்கிறார்கள்.

#16 கோரிமேடு லேப்
முழுக் கிருமியை வெச்சுச் செய்யுற ஊசிகளையும் சொல்லிடுங்க. எனக்கு அதுலதான் நம்பிக்கை அதிகம். ரெண்டு புரதத்தைக் காட்டிப் படை திரட்டுறதைவிட முழுக் கிருமியையும் காட்டுறது மேல்.

#17 நுண்ணோக்கி
நம்பிக்கையில் எனக்கும் பங்கு உண்டு, ஆனால் முடிவுதான் பேச வேண்டும்.

வி.பி.எம்1002: பி.சி.ஜியில் யூரியேஸ் மரபணுவை எடுத்துவிட்டு, லிஸ்டீரியா கிருமியின் லிஸ்டீரியோலைசின் என்ற துளைபோடும் புரதத்தைச் சேர்த்தது. காரணம் அழகானது. ஆர்.டி.1 போனதால் பி.சி.ஜி பைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. டி-செல்களில் ஒரு பிரிவு அதைப் பார்ப்பதே குறைவு. துளைபோடும் புரதம் அமிலத்தில்தான் வேலை செய்யும். யூரியேஸ் இருந்தால் பை அமிலமாகாது. எனவே ஒன்றை எடுத்து ஒன்றை வைத்தார்கள். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தில் பிறந்து, சீரம் நிறுவனத்துக்கு வந்தது.

இம்யூவாக்: மைக்கோபாக்டீரியம் இண்டிகஸ் பிரானி என்ற, நோய் தராத ஒன்றுவிட்ட உறவைக் கொன்று செய்தது. முதலில் தொழுநோய்க்காக இங்கேயே உருவாக்கியது. இந்த இரண்டையும் போலி ஊசியோடு ஒப்பிட 2019இல் ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆறு மாநிலங்களில் சளி பாசிட்டிவ் நோயாளிகளின் வீட்டார் 12,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தது. வீட்டாரைச் சேர்த்தது புத்திசாலித்தனம். நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள இடத்தில் சோதித்தால்தான் சின்ன வித்தியாசமும் தெரியும்.

எம்.டி.பி.வாக்: ஸ்பெயினில் செய்தது. மாட்டுக் கிருமியை விட்டு மனித டிபி கிருமியிலேயே தொடங்கி, ஃபோபி, ஃபாட்-டி26 என்ற இரண்டு மரபணுக்களை வெட்டி அடக்கியது. பி.சி.ஜி இழந்த பகுதி இதில் அப்படியே இருக்கிறது. பாரத் பயோடெக் வழியாக 2024இல் இந்தியாவில் பெரியவர்களிடம் பாதுகாப்புச் சோதனை தொடங்கியது. ஒரு சிக்கல் உண்டு: ஈசாட்-6 இதில் இருப்பதால், பரவலாகப் போட்டால் சை-டிபியும் ஐ.ஜி.ஆர்.ஏவும் குழம்பலாம். லேப் நண்பர் வேலையைக் கடினமாக்கும் தடுப்பூசி.

#18 பாகூர் பையன்
ஏன் சார் இவ்வளவு பேரை வருஷக்கணக்கா பார்த்துக்கிட்டு? ஹெபடைடிஸ் பி மாதிரி இரத்தத்துல அளவு பார்த்து "பாஸ்"னு சொல்ல முடியாதா?

#19 நுண்ணோக்கி
இந்த இழையின் மையமே நீங்கள் கேட்டதுதான். எதை அளந்தால் பாதுகாப்பு என்று சொல்லலாம் என்பது டிபியில் இன்னும் பிடிபடவில்லை. இன்டர்ஃபெரான்-காமா பாதை பிறவியிலேயே உடைந்த குழந்தைகளுக்கு பி.சி.ஜியே நோயாகப் பரவுகிறது. ஆக அது கட்டாயம் வேண்டும். சரி, அதைக் கூட்டினால் போதுமா? எம்.வி.ஏ85ஏ என்ற ஊசி அந்த டி-செல்களைக் கூட்டியது. 2013இல் தென்னாப்பிரிக்காவில் 2,797 குழந்தைகளிடம் முடிவு வந்தபோது பி.சி.ஜிக்கு மேல் கணக்கில் கொள்ளத்தக்க பலன் எதுவும் இல்லை. சோற்றுக்கு உப்பு வேண்டும் என்பதால் உப்பைக் கூட்டிக்கொண்டே போனால் குழம்பு ருசிக்காது.

இன்னொரு அடி பி.சி.ஜியை மறுபடி போடுவதில் விழுந்தது. 2018இல் 990 இளையோரிடம் நடந்த சோதனையில், தொற்று நிலைப்பதை மறு ஊசி 45 விழுக்காடு தடுத்ததாகத் தெரிந்தது. அதை உறுதிப்படுத்த 1,800க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தியதன் முடிவு 2025இல் வந்தது: தடுக்கவில்லை. சின்ன ஆய்வைப் பெரிய ஆய்வு கவிழ்ப்பது டிபியில் புதிதல்ல. எம்72இல் நான் அடக்கி வாசிப்பதும் இதனால்தான்.

#20 முந்திரிக்காடு
குரங்குக்கு நரம்புல பி.சி.ஜி போட்டாங்களாம், 10ல 9 தப்பிச்சுதாம். அதை ஏன் மனுஷனுக்குப் பண்ணலை?

#21 ஊசிநர்ஸ்
அண்ணே, யாரும் விளையாட்டுக்குக்கூட முயற்சி பண்ணிடாதீங்க. தோல்ல போடுற உயிர்க்கிருமியை நரம்புல ஏத்தினா உடம்பெல்லாம் பரவும்.

#22 நுண்ணோக்கி
அக்கா சொன்னது சட்டம். 2020 ஆய்வின் சேதி வேறு: நரம்பு வழி, அதாவது இரத்தக் குழாய் வழி, போட்டபோது 10 குரங்குகளில் 6இல் கிருமியின் சுவடே இல்லை, இன்னும் 3இல் மிகக் குறைவு. அந்தக் குரங்குகளின் நுரையீரல் திசுவிலேயே டி-செல்கள் குடியேறியிருந்தன. அதே பி.சி.ஜிதான், போன வழியும் அளவும் மாறியது. ஆக, நல்ல தடுப்பு உடலால் முடியாத காரியமில்லை. மூச்சு வழியாக, ஆபத்தில்லாமல் அதே இடத்தில் காவல் வைப்பது எப்படி என்பதுதான் இப்போது பலரும் தேடுவது.

#23 கெடிலக்கரை
2024ல பெரியவங்களுக்கும் பி.சி.ஜி போட்டாங்களே, அது?

#24 ஊசிநர்ஸ்
அது நாட்டுல குறிப்பிட்ட மாவட்டங்கள்ல ஆய்வா போட்டது. எல்லாருக்குமான அட்டவணை ஊசி இல்லை. கடந்த 5 வருஷத்துல டிபி வந்து போனவங்க, 3 வருஷத்துக்குள்ள டிபி நோயாளியோட ஒரே வீட்ல இருந்தவங்க, 60 தாண்டினவங்க, பி.எம்.ஐ (உயரத்துக்கு ஏத்த எடைக் கணக்கு) 18க்குக் கீழ, சர்க்கரை, புகை. இவங்க சம்மதிச்சா மட்டும். கேட்டு வாங்கிப் போட்டுக்கிற ஊசி இல்லை இது.

#25 ஓ.டி. மருந்துக்கடை
ஊசி வர்றப்ப வரட்டும். கையில இருக்கிற தடுப்பை யாரும் பேச மாட்டேங்கிறீங்களே! வீட்ல ஒருத்தருக்கு நுரையீரல் டிபின்னா மத்தவங்களுக்குத் தடுப்பு மாத்திரை அரசாங்கமே தருது. 3எச்.பி: வாரம் ஒரு நாள், 12 வாரம், பெரியவங்களுக்கு ஐசோனியசிட் 900, ரிஃபாபென்டின் 900 மில்லிகிராம், சாப்பாட்டோட. இல்லைன்னா ஐசோனியசிட் 300 தினம், ஆறு மாசம், கூட பி6 வைட்டமின்.

இதுல ஆகிற தப்பு ரெண்டு. இருமல், காய்ச்சல், எடை குறையுறது, ராத்திரி வேர்வை, இந்த நாலையும் கேட்டு எக்ஸ்ரே பார்க்காம ஆரம்பிக்கிறது. உள்ள நோய் இருந்தா, நாலு மருந்து வேண்டிய இடத்துல ஒண்ணோ ரெண்டோ கொடுத்துக் கிருமிக்குப் பயிற்சி கொடுத்த மாதிரி ஆயிடும். ரெண்டாவது, 3எச்.பில சிறுநீர் ஆரஞ்சாப் போகும்னு முன்னாடியே சொல்லாம விடுறது. பயந்து மூணாவது வாரமே நிறுத்திடுவாங்க. கருத்தடை மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அது பலிக்காது, வேற வழி வேணும். கண்ணு மஞ்சளானா, வாந்தி நிக்கலைன்னா மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும்.

#26 கோரிமேடு லேப்
சாப்பாட்டையும் சேர்த்துக்குங்க. ஜிப்மரும் பாஸ்டன்காரங்களும் சேர்ந்து புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் நோயாளிகளையும் வீட்டாரையும் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வுலயே எடைக்குறைவும் குடியும்தான் முன்னால வந்து நிக்குது. ஜார்க்கண்ட்ல நடந்த ரேஷன்ஸ் ஆய்வு இன்னும் தெளிவு. நோயாளி வீட்டார் 10,345 பேர். ஒரு பிரிவுக்குத் தலைக்கு மாசம் 5 கிலோ அரிசி, ஒண்ணரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. டிபி வர்றது 39 விழுக்காடு குறைஞ்சுது, தொத்துற வகை 48. மேல எம்72க்குச் சொன்ன எண்ணோட பக்கத்துல வெச்சுப் பாருங்க.

#27 நுண்ணோக்கி
இரண்டும் வேறு வேறு மக்கள், வேறு வேறு அளவுகோல். நேராக ஒப்பிட முடியாது என்று சொல்லிவிட்டு, ஒப்புக்கொள்கிறேன். டி-செல் பெருக்கம் புரதமும் சக்தியும் தின்னும் வேலை. 160 செ.மீ உயரமுள்ளவர் 47 கிலோவுக்குக் கீழே போனால் எடைக்குறைவு, 41க்குக் கீழே தீவிரம். 36 என்றால் பி.எம்.ஐ 14, 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' கணக்கில் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியவர். எடை மெஷினும் சுவரில் அளவுகோலும் இருந்தால் போதும்.

#28 முந்திரிக்காடு
கடைசியா ஒண்ணு. அம்மாவுக்கு டிபி, குழந்தை இப்பதான் பிறந்திருக்கு. பி.சி.ஜியா, மாத்திரையா?

#29 ஊசிநர்ஸ்
இதுல ரெண்டு வழி நடைமுறையில இருக்கு. ஐசோனியசிட் பி.சி.ஜி கிருமியையும் கொல்லும்ங்கிறதால, முதல்ல ஆறு மாசத் தடுப்பு மாத்திரை, அது முடிஞ்ச பிறகு பி.சி.ஜின்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம நாட்டுக் குழந்தை டிபி வழிகாட்டுதல், மாத்திரை கொடுக்கிறதா இருந்தாலும் பிறந்தவுடனே ஊசியைப் போட்டுடச் சொல்லுது. தள்ளிப்போட்டா நிறைய குழந்தை திரும்பி வராதுங்கிற கணக்கு. எதுன்னாலும் முதல்ல குழந்தைக்கு நோய் இல்லைன்னு டாக்டர் பார்க்கணும். மாத்திரை கிலோவுக்கு 10 மில்லிகிராம், மூணு கிலோ குழந்தைக்கு 30.

தாய்ப்பாலை நிறுத்த வேணாம். அம்மா மாஸ்க் போட்டுக்கிட்டு, ஜன்னல் திறந்த அறையில கொடுக்கலாம்.

#30 நுண்ணோக்கி
அட்டையில் பி.சி.ஜி தேதியோடு மாத்திரை தொடங்கிய தேதியையும் எழுதச் சொல்லுங்கள் அக்கா. தழும்பு வராத குழந்தையைப் பார்க்கும் அடுத்த டாக்டருக்குக் காரணம் அந்த இரண்டு தேதியிலேயே இருக்கும்.